கடைசி வரிசையில் ஓர் எண்

மூன்று மாதத்துக்கு முன்பு நடந்தது. எழுதலாமா, கூடாதா என்று தயங்கிக்கொண்டிருந்தேன். சம்பந்தப்பட்டவரிடமிருந்து போன வாரம்தான் அனுமதி கிடைத்தது. சம்பந்தப்பட்டவர் என் மனைவி.

ஒரு சனிக்கிழமை காலை. அடுப்பில் தோசைக்கல் புகைந்துகொண்டிருந்தது. ஒரு கையில் மாவுக் கரண்டி, மறு கையில் செல்போன் என்று சுகந்தி அப்படியே நின்றாள். கல் புகைவது அவளுக்குத் தெரியவில்லை. நான் போய் கேஸை அணைத்தேன். அதுவும் தெரியவில்லை.

"யாரு, ஊர்ல இருந்தா?" என்றேன். கெட்ட சேதி என்றால் நமக்கு முதலில் ஊர்தானே ஞாபகம் வரும்?

"இல்லீங்க. ஒரு ஸ்டூடண்ட். வெளிநாடு. என்ற ஆராய்ச்சிப் பேப்பரப் பத்திக் கேட்டிருக்கறாங்க."

அடச்சே, இவ்வளவுதானா என்று நிம்மதியாகிவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகு அந்த நிம்மதி போய்விட்டது.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு சுகந்தியைத் தெரியும். என் மறதியைப் பற்றியும் என் சர்க்கரையைப் பற்றியும் நான் எழுதும்போதெல்லாம் நடுவில் வந்து திட்டிவிட்டுப் போகிறவள். புதிதாக வந்தவர்களுக்கு — அவள் ஒரு பாலிமர் விஞ்ஞானி. திருப்பூருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் வேலை. பேராசிரியர் பதவிக்கு ஒரு படி கீழே நிற்கிறாள்.

பாலிமர் என்றதும் எனக்குக் கல்யாணமான புதிதில் பிளாஸ்டிக் குடம்தான் ஞாபகம் வந்தது. அவள் செய்வது வேறு. சிவப்பு பனியனை வெள்ளை வேட்டியோடு ஊறப்போட்டு, வேட்டி ரோஸ் கலரில் வெளியே வந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்படிச் சாயம் போகாமல், நூலோடு இறுக்கிப் பிடித்துவைக்கும் பிசின் மாதிரி ஒரு மருந்து. அதுதான் அவளுடைய ஆராய்ச்சி. பனியன் ஊருக்கு இதைவிட வேண்டிய ஆராய்ச்சி எது?

இந்த மாதிரி மருந்துகளில் ஒரு சிக்கல் உண்டு. துணியில் கொஞ்சம் ஃபார்மலின் தங்கிவிடும். பெரியவர்களுக்கே அது அரிப்பு. கைக்குழந்தைக்குக் கேட்கவே வேண்டாம். சுகந்தி எட்டு வருடத்துக்கு முன் எழுதிய ஒரு கட்டுரையில் ஓர் அட்டவணை இருந்தது. பல விதமாகப் பக்குவம் செய்து பார்த்து, எதில் எவ்வளவு ஃபார்மலின் தங்குகிறது என்று வரிசையாகப் போட்டிருந்தாள். மற்ற வரிசைகளில் அறுபது, எழுபது, எண்பது. கடைசி வரிசையில் மட்டும் பன்னிரண்டு.

அந்தப் பன்னிரண்டுதான் அவளைப் பிரபலமாக்கியது.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் தன் கட்டுரையில் எடுத்துக்காட்டினால் அதற்கு சைட்டேஷன் என்று பெயர். அது கூடக் கூட விஞ்ஞானிக்கு மரியாதை கூடும். சுகந்தி எழுதியது முப்பது கட்டுரைகளுக்குப் பக்கம். மற்றவை எல்லாம் பத்து, இருபது என்று அடக்கமாக இருந்தன. இது ஒன்று மட்டும் நானூறைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. கல்லூரி வாசலில் அவள் படம் போட்டு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டுவேன். பின்னால் உட்கார்ந்திருப்பவள் முதுகில் குத்துவாள்.

அந்த மாணவர் எழுதியிருந்தது நாலே வரி. "உங்கள் அட்டவணையின் கடைசி வரிசையை ஆறு முறை செய்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ பத்து மடங்கு வருகிறது. நான் எங்கே தவறு செய்கிறேன் என்று தயவுசெய்து சொல்ல முடியுமா?"

எவ்வளவு பணிவான கடிதம். அதைப் படித்துவிட்டு ஒரு மனுஷி நடுங்குவதை அன்றுதான் பார்த்தேன்.

"பழைய நோட்டு எங்கீங்க?" என்றாள்.

லாஃப்டில் ஏறி, பிள்ளைகளின் பழைய பள்ளிக்கூடப் பைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு சூட்கேஸை இறக்கினேன். அவளுடைய ஆய்வக நோட்டுகள். மூன்றாவது நோட்டில் அந்தப் பக்கம் இருந்தது. வரிசையாக எண்கள், பேனாவில். கடைசி எண்ணுக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலில் சின்னதாக ஏதோ எழுதியிருந்தது. பாதி அழிந்திருந்தது. அவள் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள்.

பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தண்ணி கலந்திருக்கறனுங்க" என்றாள்.

எனக்குப் புரிகிற மாதிரி அவள் சொன்னது இதுதான். துணியை நீரில் ஊறவைத்து, அந்த நீரில் எவ்வளவு ஃபார்மலின் என்று மெஷினில் பார்ப்பார்கள். ரொம்ப அதிகமாக இருந்தால் மெஷினுக்குப் பிடிபடாது. ஒரு பங்குக்குப் பத்துப் பங்காக நீர் கலந்து பார்க்க வேண்டும். வருகிற எண்ணைப் பிறகு பத்தால் பெருக்க வேண்டும். கடைசி சாம்பிளுக்கு மட்டும் நீர் கலந்தாள். பென்சிலில் குறித்தும் வைத்தாள். கம்ப்யூட்டரில் அட்டவணை போட்டபோது பெருக்க மறந்துபோனாள்.

பன்னிரண்டு இல்லை. நூற்றிருபது.

எல்லாவற்றிலும் நல்லது என்று நானூறு பேர் எடுத்துக்காட்டிய வரிசைதான் இருப்பதிலேயே மோசமானது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் — எனக்கு முதலில் வந்த பயம் அந்த ஃப்ளெக்ஸைப் பற்றித்தான். இறக்கிவிடுவார்களே, அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்கள், இப்படி. அவள் பயம் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது.

"நெருப்பெரிச்சல்ல அந்தோணி இதத்தானுங்க ஓட்டுறாரு" என்றாள். "கொழந்தைத் துணிக்கு."



அந்தோணி, பக்கத்திலேயே நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஒரு டையிங் யூனிட்டில், அதாவது சாயப்பட்டறையில், மாஸ்டர். கல்லூரியில் சுகந்தி நடத்திய செமினாருக்கு வந்து, கடைசி வரிசைப் பக்குவத்தை அப்படியே எழுதிக்கொண்டு போனவர். அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு மாதம் முன்பு, முதல் சாம்பிள் என்று ரத்தச் சிவப்பில் ஆறு குட்டி பனியன்களைக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் வீட்டில் கைக்குழந்தை ஏது? குண்டடத்தில் வாக்கப்பட்டிருக்கும் என் அக்கா மகள் தேவிக்கு அனுப்பிவைத்தோம். அவள் குழந்தைக்கு அப்போது ஏழு மாதம்.

உடனே தேவிக்கு போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைக்கச் சொல்லி சுகந்தி ஜாடை காட்டினாள்.

"பாப்பாவுக்கு அந்தச் செவப்பு பனியன் போடறயா கண்ணு?"

"அதேதானுங்க மாமா, தெனமும். அவ நெறத்துக்கு எடுப்பா இருக்குதுங்க."

"ஒடம்புல எதும்... தடிப்பு, கிடிப்பு?"

"நெஞ்சுல பொரிப் பொரியா இருக்குதுங்க மாமா. சித்திரை வெயிலுக்கு வேர்க்குரு வந்திருக்குதுங்க. ஏனுங்க மாமா?"

 சும்மா கேட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சுகந்தி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தேவி, அத்தை பேசறன். அந்த பனியன இப்பவே கழட்டிருடா கண்ணு. இனி போடாத. பாப்பாவ டாக்டர்கிட்டக் காட்டோணும். அதுல போட்ட மருந்துல என்ற தப்பு ஒண்ணு இருக்குது."

 அந்தப் பக்கம் குழந்தை சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க சுகந்தி கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். அவளை எடுத்துக்காட்டிய கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். தட்டில் சோறு காய்ந்தது. யாராவது ஒருவர், ஒரே ஒருவராவது இதைச் செய்து பார்த்து, தவறு என்று எழுதியிருக்கிறாரா? அதைத்தான் தேடினாள். நமக்குத் தவறு செய்துவிட்டோம் என்று தெரிந்தபிறகு, யாராவது முன்பே கண்டுபிடித்திருக்கக் கூடாதா என்று இருக்கும் பாருங்கள்... அது ஒரு விசித்திரமான ஏக்கம்.

"யாருமே செஞ்சு பாக்கலீங்க" என்றாள் சாயங்காலம். "அவங்களப் பாத்து இவங்க எழுதியிருக்கறாங்க, இவங்களப் பாத்து இன்னொருத்தரு. எல்லாத்துலயும் பன்னெண்டு, பன்னெண்டு, பன்னெண்டு. பயமா இருக்குதுங்க."

வாட்ஸப்பில் நாம் செய்வதைத்தான் அங்கே பெரிய படிப்புப் படித்தவர்கள் செய்கிறார்கள் போலிருக்கிறது. சொல்லவில்லை. சொல்கிற நேரமா அது?

திங்கட்கிழமை காலை கல்லூரிக்குப் போனதும் டீனிடம் சொல்லிவிட்டாள். டீன் கெட்டவர் இல்லை. எங்கள் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் வருகிறவர். கதவைச் சாத்திவிட்டுப் பேசியிருக்கிறார்.

"இன்ஸ்பெக்‌ஷன் டீம் அடுத்த மாசம் வருதுங்க மேடம். நம்ம ஃபைல்ல முதல் பக்கமே உங்க சைட்டேஷன்தான். உங்க புரொஃபசர் இன்டர்வியூவும் வருது. கேட்டது ஒரு ஸ்டூடண்ட்தானுங்களே? அந்த லாட் கெமிக்கல் வேற மாதிரி இருந்திருக்கும்னு ஒரு பதில் போடுங்க. ஆறு மாசம் பொறுங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் எனக்கு போன் செய்து இதை அப்படியே சொன்னாள்.  "அவர் சொல்றது எனக்கும் ஆசையா இருக்குதுங்க. அதுதான் பயமா இருக்குது. வந்து கூட்டிட்டுப் போங்க. நெருப்பெரிச்சல் போகோணும்."

மத்தியானம் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்தோணிக்குத் திருச்செந்தூர் பக்கம். இருபது வருடமாகத் திருப்பூரில் இருந்தும் பேச்சு மாறவில்லை.

"உக்காருங்க மேடம். டீ சொல்லுதேன்."

சுகந்தி உட்காரவில்லை. "அந்தோணி, நான் குடுத்த கடைசி ரெசிப்பில நம்பர் தப்புங்க. பன்னெண்டு இல்ல. பத்து மடங்கு."

 "நூத்துச் சொச்சம்" என்றார் அந்தோணி.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முதல் லாட்டு லேப்ல அப்படித்தான் வந்துச்சு மேடம். பயப்படாதீங்க, அதுல ஒரு பீஸு கூட வெளிய போகல. எல்லாத்தையும் திரும்பவும் வெந்நீர்ல அடிச்சு, சூட்டக் கொறச்சு, வேற மாதிரி மாத்திட்டோம். இப்ப வாரதெல்லாம் பாஸ்தான்."

சுகந்தி அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். மூச்சு விட்டது எனக்கே கேட்டது. ஆனால் அந்தோணி இன்னும் முடிக்கவில்லை.

"உங்களுக்குக் கொண்டாந்து குடுத்தேன்லா, ஆறு பீஸு... அது மட்டும் லேப் ரிப்போர்ட்டு வாரதுக்கு முன்னாடி தச்சது. அப்புறம் எனக்கு அது ஞாபகமே வரல மேடம்."

"லேப்ல அப்படி வந்ததும் என்கிட்ட ஏன் சொல்லலீங்க?"

"உங்க நம்பரு தப்பா இருக்கும்னு நான் எப்படி மேடம் நெனப்பேன்?" அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "உலகம் பூரா இதத்தான் எடுத்துப் போட்டிருக்காவன்னு செமினார்ல காட்டுனீங்க. நானூறு பேரு சொன்னா நம்பத்தானே செய்வோம்? எங்க கைலதான் தப்புன்னு முடிவு பண்ணிட்டோம்."

சுகந்தி நிமிர்ந்தாள். "எங்க கைன்னா... யாரு கைங்க?"

அந்தோணி டீ கிளாஸை நகர்த்தி நகர்த்தி வைத்தார்.

"மனோஜுன்னு ஒருத்தன், மேடம். பீகாரு. ஆறு வருசமா அந்த மெஷின்ல நின்னவன். மருந்து ஏத்துனப்புறம் வெந்நீர்ல வாஷ் போடாம விட்டுட்டான்னு நெனச்சோம். ஓனரு அன்னைக்கே வேலைய விட்டு நிப்பாட்டிட்டாரு. போட்டேன் சார், போட்டேன் சார்னுதான் கடைசி வரைக்கும் சொன்னான்."

நாங்கள் டீ குடிக்கவில்லை.

திரும்பும் வழியில், ஒரு வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். நின்றபடியே போனில் தட்ட ஆரம்பித்தாள். எட்டிப் பார்த்தேன். கட்டுரையை வெளியிட்ட பத்திரிகையின் ஆசிரியருக்கு. எண் தவறு, பொறுப்பு முழுக்க என்னுடையது, திருத்தம் வெளியிடுங்கள்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "டீன் பொறுக்கச் சொன்னாரே சுகந்தி. ஊட்டுக்குப் போய் யோசிச்சு அனுப்பலாமே?"

"ஊட்டுக்குப் போனா அனுப்ப மாட்டனுங்க" என்றாள். "என்னைய ஆறு மாசம் பொறுக்கச் சொல்றாரு. மனோஜ எத்தன மாசம் பொறுக்கச் சொல்றதுங்க?"

அனுப்பினாள். அந்த மாணவருக்கும் ஒரு வரி எழுதினாள். "நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. செய்தது நான்."

பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அந்தக் கை ஜில்லென்று இருந்தது — அந்த வெயிலிலும்.

மனோஜ் இருக்கும் இடத்தை அந்தோணிதான் விசாரித்துச் சொன்னார். சாமளாபுரத்தில் ஒரு தறிக்கூடத்தில் வேலை. புதன்கிழமை காலை போனோம். கேட் அருகே வந்ததும் சுகந்தி என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவரு என்ன பேசினாலும் நீங்க நடுவுல பேசக் கூடாதுங்க" என்றாள். "கை ஓங்கினாக் கூட."

மனோஜ் வெளியே வந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். தலையிலும் புருவத்திலும் பஞ்சு. பின்னால் தறிச் சத்தம் காதைப் பிய்த்தது. செமினாருக்குப் பிறகு யூனிட்டுக்கு ஒருமுறை வந்திருந்த சுகந்தியை அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் அவர் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா?

கையைக் கூப்பினார். "நான் இப்ப அங்க இல்ல மேடம். அங்க ஒண்ணும் செய்யல."

மறுபடியும் ஏதோ பழி போட வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். நாங்கள் நாலு நாளாகப் பட்ட பயத்தை அந்த மனிதர் இரண்டு மாதமாகத் தனியாகப் பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வாஷ் போடாதவன் என்று பேர் பரவி, எந்த டையிங்கிலும் சேர்த்துக்கொள்ளவில்லையாம். தெரிந்த வேலையை விட்டுவிட்டு, தெரியாத தறியில் முதலிலிருந்து கற்றுக்கொண்டிருந்தார்.

"நீங்க வாஷ் போட்டீங்க. எனக்குத் தெரியும்" என்றாள் சுகந்தி. "தப்பு என்னோடதுங்க. நான் எழுதின நம்பர் தப்பு."

அவருக்குப் புரியவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் நானும் சொன்னேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூன்று விரலைக் காட்டினார்.

"மூணு டைம் மேடம். மூணு டைம் ஹாட் வாஷ் போட்டேன். யாரும் நம்பல. என் அண்ணன்தான் என்னை இங்க கூட்டிட்டு வந்தான். அவனும் நம்பல. நான் சோம்பேறி, அவன் பேரைக் கெடுத்துட்டேன்னு ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டான். அப்பா இப்ப என்கூடப் பேசறதில்ல."

திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். திட்டவில்லை. "எழுதித் தாங்க மேடம்" என்றார்.

சுகந்தி கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்து எழுதினாள். இங்கிலீஷில் நாலு வரி, கீழே அதையே தமிழில். "மனோஜ் மூன்று முறை சரியாகக் கழுவினார். துணியில் மருந்து தங்கியதற்கு அவர் காரணம் அல்ல. என் ஆய்வுக் கட்டுரையில் இருந்த எண் தவறு." கையெழுத்து, பெயர், பதவி, கல்லூரி.

இத்தனை வருடத்தில் அவள் பேரும் பதவியும் போட்டு எழுதியவற்றில் மிகச் சிறியது இதுதான். 

அவர் தாளை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். போனில் படம் எடுத்தார். அங்கேயே நின்று, முதலில் அண்ணனுக்கு, பிறகு ஊருக்கு அனுப்பினார். போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிகிற வரைக்கும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அந்தோணி ஓனரிடம் பேசினார். ஓனரே போன் செய்து மனோஜைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். மனோஜ் போகவில்லை. "அங்க எல்லாரும் என்னைப் பாப்பாங்க சார்" என்றாராம். ஆனால் இப்போது அப்பா பேசுகிறாராம். வேறொரு டையிங்கில் அந்தோணியே சொல்லி, போன மாதம் சேர்த்துவிட்டார்.

பத்திரிகையில் திருத்தம் வந்தது. டீன் ஃபைலின் முதல் பக்கத்தை மாற்றினார். இன்டர்வியூ தள்ளிப்போயிருக்கிறது, எதுவரைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. விசேஷத்துக்கு டீன் இனியும் வருவாரா, தெரியாது.

தேவியின் குழந்தைக்குப் பத்து நாளில் பொரி அடங்கிவிட்டது. வேர்க்குருவா, எங்கள் பனியனா? டாக்டரைக் கேட்டோம். "ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும்" என்றுவிட்டார். அந்தக் கேள்வியை நானும் சுகந்தியும் வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒன்று மட்டும் நிற்கவில்லை. சைட்டேஷன். அது ஏறிக்கொண்டே இருக்கிறது. திருத்தம் வந்த பிறகும், எங்கேயோ யாரோ அந்தப் பழைய பன்னிரண்டை எடுத்துத் தங்கள் கட்டுரையில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சுகந்தி தினமும் காலையில் அவர்களில் ஒருவருக்குக் கடிதம் எழுதுகிறாள். சிலர் பதில் போடுகிறார்கள். பலர் போடுவதில்லை.

போன வாரம், இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, கூடவே இன்னொன்றும் கேட்டேன். "இப்பவாச்சும் பயம் போச்சா?"

கம்ப்யூட்டரிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "போகக் கூடாதுங்க."